வாஷிங்டனிலிருந்து ஸ்மோக்கி மலைக்கு: ஐ-81-ல் போவதா, மலைமுகட்டில் போவதா?

வடக்கு வர்ஜீனியாவுக்குக் குடிவந்து, லைசென்ஸ் எடுத்து, கார் வாங்கிய கையோடு நம் ஆட்கள் பலர் போடும் முதல் பெரிய திட்டம் ஸ்மோக்கி மலைப் பயணம். வாஷிங்டன் பக்கத்திலிருந்து டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்க் ஊருக்கு ஏறத்தாழ 500 மைல். கூகுள் மேப்பில் போட்டால் ஐ-66, ஐ-81, ஐ-40 என்று இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளிலேயே வழி சொல்லி, எட்டு மணி நேரம் என்று காட்டும். ஆனால் ஐ-81-ல் தெற்கே போகும்போது இடதுபக்கம் ஒரு மலைத்தொடர் வெகுதூரம் கூடவே வருமே, அதன் முகட்டிலேயே ஒரு சாலை இருப்பதை அது தானாகச் சொல்லாது. ஸ்கைலைன் டிரைவ் 105 மைல், அது முடியும் இடத்திலேயே தொடங்கும் புளூ ரிட்ஜ் பார்க்வே 469 மைல். வழியில் ஒரு டிராஃபிக் சிக்னல் வராது, விளம்பரப் பலகை வராது, சரக்கு லாரியும் வராது.

புதிதாக வருபவர்கள் கேட்பது, "இரண்டில் எதில் போகலாம்?" என்றுதான். முழுப் பயணத்துக்கும் ஒரே சாலையைத் தேர்ந்தெடுக்க நினைத்தால் எதை எடுத்தாலும் வருத்தம் மிஞ்சும். முழுக்க முகட்டிலேயே போனால் இரண்டாம் நாள் மத்தியானமே பிள்ளைகள் வளைவுகளில் வாடிப்போவார்கள். முழுக்க ஐ-81-லேயே போனால் எட்டு மணி நேரமும் லாரிகளின் பின்புறத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எந்தச் சாலை என்று முடிவு செய்யுங்கள். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மூன்று சாலைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஆமாம், மூன்று. ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் ஐ-81-க்கு ஒட்டினாற்போல யூ.எஸ். 11 என்ற பழைய சாலை ஒன்றும் ஓடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் தெற்கே இறங்கிய தடம் அது. இன்டர்ஸ்டேட் வருவதற்கு முன் எல்லாப் போக்குவரத்தும் அதில்தான் போனது. அதனால் ஸ்டான்டன், லெக்சிங்டன் போன்ற ஊர்களின் நடுவிலேயே அது போகும். ஐ-81 இந்த ஊர்களின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போய்விடும்.

ஐ-81 வர்ஜீனியாவுக்குள் மட்டும் 325 மைல். பெரும்பகுதியில் ஒவ்வொரு திசைக்கும் இரண்டே லேன். ஓடும் வண்டிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று லாரி. கட்டணம் கிடையாது. கிராமப்புறப் பகுதிகளில் வேக எல்லை மணிக்கு 70 மைல்.

முகட்டுச் சாலையின் வேக எல்லை ஸ்கைலைன் டிரைவில் 35 மைல், பார்க்வேயில் 45 மைல். சாலை மோசம் என்பதால் வைத்த எல்லை இல்லை இது. பார்க்வேயின் வேலை 1935-ல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், ஊர் மக்களுக்கு வேலை கொடுக்கவும் சேர்த்தே தொடங்கியது. நிதானமாக ஓட்டிக்கொண்டே மலையைப் பார்ப்பதற்கென்றே வளைவு வளைவாக வரைந்து போட்டார்கள். கடைசித் துண்டான லின் கோவ் மேம்பாலம், கிராண்ட்ஃபாதர் மலையை வெட்டிக் குடையாமல் அதன் தோளைச் சுற்றிப் போகும்படி கட்டப்பட்டு, 1987-ல்தான் பார்க்வே முழுமையானது. இப்படிப் போட்ட சாலையில் வேகமாகப் போய்ச் சேர நினைப்பவருக்கு எரிச்சல்தான் வரும். அன்று அவசரம் இருந்தால் மேலே ஏறவே வேண்டாம்.

பகல் வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்

புதியவர்கள் மைலை வைத்துத் திட்டமிடுகிறார்கள். முகட்டுச் சாலைக்கு மைல் கணக்கு உதவாது, வெளிச்சத்தைத்தான் கணக்கிட வேண்டும். ஸ்கைலைன் டிரைவ் முழுவதையும் எங்கும் நிற்காமல் ஓட்டினாலே மூன்று மணி நேரம். ஆனால் நிற்காமல் போக யார் மேலே ஏறுகிறார்கள்? வழியெங்கும் வண்டியை ஒதுக்கி நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்க ஓவர்லுக் என்ற இடங்கள் உண்டு, கிட்டத்தட்ட 70 இருக்கும். நாலைந்தில் நின்று, ஒரு சின்ன நடை நடந்து, கட்டுச்சோறும் சாப்பிட்டால் ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். பார்க்வே முழுவதற்கும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் மட்டுமே பதின்மூன்று மணிக்குக் குறையாது.

ஜூனில் இருட்ட எட்டரை மணி ஆகும். இலை நிறம் மாறும் அக்டோபர் கடைசியில் ஆறேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். மறைந்தபின் மேலே தெருவிளக்கு கிடையாது, மான்கள் சாலையில் வந்து நிற்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடுங்கள். இருட்டில் ஓட்ட வேண்டியதை ஐ-81-க்கு விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பினால் யோசிக்கவே வேண்டியதில்லை, அன்று இன்டர்ஸ்டேட்தான். அதிலும் ஐ-66-ல் வெள்ளி மாலை நெரிசல் கடுமையாக இருக்கும். அங்கே உள்ள எக்ஸ்பிரஸ் லேன்களின் கட்டணம் நெரிசலைப் பொறுத்து ஏறும். பலகையில் எரியும் தொகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.

இறங்கும் வழிகளைக் குறித்து வையுங்கள்

இந்தப் பயணத்தின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. கீழே ஐ-81, மேலே முகட்டுச் சாலை. இரண்டையும் ஏணியின் இரண்டு கால்கள் என்று வைத்துக்கொண்டால், நடுவே குறுக்குச் சட்டங்களாக நல்ல சாலைகள் இருக்கின்றன. மழை வந்தாலும், மூடுபனி வந்தாலும், பிள்ளை வாந்தி எடுத்தாலும் அடுத்த சட்டத்தில் கீழே இறங்கிவிடலாம்.

வடக்கிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். ஸ்கைலைன் டிரைவ் ஃப்ரண்ட் ராயலில் தொடங்குகிறது. அங்கே ஐ-66 பக்கத்திலேயே இருக்கிறது. 31-ஆவது மைல் தாண்டி தார்ன்டன் கேப் (கேப் என்றால் கணவாய்), அங்கே யூ.எஸ். 211 குறுக்கிடும்; மேற்கே இறங்கினால் லூரே குகை ஊர் வழியாக நியூ மார்க்கெட்டில் ஐ-81. 65-ஆவது மைல் தாண்டி ஸ்விஃப்ட் ரன் கேப், யூ.எஸ். 33 உங்களை ஹாரிசன்பர்க்கில் விடும். 105-ல் ராக்ஃபிஷ் கேப், அங்கே ஐ-64. மேற்கே போனால் ஸ்டான்டனில் ஐ-81 கிடைக்கும். பார்க்வேக்கு அதுவே பூஜ்யம் மைல். அதன் 45-ஆவது மைல் பக்கம் யூ.எஸ். 60 லெக்சிங்டன் பக்கம் இறக்கும். 106 முதல் 121 வரை ரோனோக் நகரம், அங்கே இறங்கப் பல வழிகள் உண்டு.

ரோனோக் தாண்டியதும் இரண்டு சாலைகளும் விலகத் தொடங்கும். ஐ-81 தென்மேற்கே டென்னசியை நோக்கிப் போகிறது, பார்க்வே வட கரோலினாவுக்குள் திரும்புகிறது. 199-ஆவது மைல் பக்கம், ஃபேன்சி கேப்பில் வரும் ஐ-77-தான் எளிதாகத் திரும்பி வரக்கூடிய கடைசி வழி. அதற்கு அப்பால் போனால் ஆஷ்வில் வழியாகத்தான் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

மைல் எண்களைப் பற்றி ஒரு விஷயம். இன்டர்ஸ்டேட்டில் எண்கள் மாநிலத்தின் தெற்கு அல்லது மேற்கு எல்லையிலிருந்து தொடங்கும், எக்ஸிட் எண்ணும் பெரும்பாலான மாநிலங்களில் அதே மைல் எண்தான். ஐ-66 வந்து ஐ-81-ல் சேரும் இடம் எக்ஸிட் 300. அப்படியென்றால் டென்னசி எல்லைக்கு இன்னும் 300 மைல். தெற்கே போகப் போக எண் குறையும், மீதித் தூரத்தை அதுவே சொல்லிவிடும். மேலே பார்க்வேயில் நேர்மாறு: தெற்கே போகப் போக எண் ஏறும். அங்கே கதவு எண், தெருப் பெயர் எதுவும் கிடையாது, எல்லா இடத்துக்கும் மைல்போஸ்ட் எண்தான் முகவரி. இறங்கும் இடங்களை ஒரு தாளில் எழுதி முன்னிருக்கையில் இருப்பவரிடம் கொடுங்கள். மேலே பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. மேப்பை முன்னாடியே டவுன்லோட் செய்துகொள்வதும் நல்லது.

கூகுள் மேப்பில் "நெடுஞ்சாலைகளைத் தவிர்" என்ற வசதியைப் போட்டுவிடாதீர்கள். அது முகட்டுக்குக் கூட்டிப்போகும் என்று உத்தரவாதமில்லை, ஏதாவது பண்ணைச் சாலையில் கொண்டுபோய் விடலாம். அதற்குப் பதில் "தார்ன்டன் கேப் நுழைவாயில்" என்பதை ஒரு நிறுத்தமாகச் சேர்த்து, அடுத்து ஹாரிசன்பர்க்கைச் சேருங்கள்.

கூட வருவது யார்?

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் முகட்டுச் சாலையை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு இதைப் போல ஒத்துவரும் மலை அமெரிக்காவின் கிழக்கில் குறைவு. ஏற வேண்டாம், நடக்க வேண்டாம். கார்க் கதவைத் திறந்தால் கண்ணெதிரே பள்ளத்தாக்கு. ஆனால் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கொடைக்கானல் ஏறும்போது வருகிற கொண்டை ஊசி வளைவுகள் இங்கே இல்லை, ஆனாலும் ஓயாத மெல்லிய வளைவுகள் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றலைத் தரும். வாந்தி வரக்கூடியவரை முன்னால் உட்கார வையுங்கள், காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இஞ்சி, எலுமிச்சை, பிளாஸ்டிக் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கைக்குழந்தை இருந்தாலோ, அடிக்கடி கழிவறை தேவைப்படுபவர் இருந்தாலோ, ஸ்கைலைன் டிரைவின் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அங்கே ஸ்கைலேண்ட், பிக் மெடோஸ் என்ற இரண்டு இடங்களில் கழிவறையும் சாப்பாடும் உண்டு.

எலக்ட்ரிக் கார் என்றால் மேலே ஏறுமுன் கீழே ஊரில் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

ஐ-81-ல் ஓட்டும்போது

வேகத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புதியவர்களுக்குத் தெரிவதில்லை. வர்ஜீனியாவில் வேக எல்லையை 20 மைல் அல்லது அதற்கு மேல் மீறினாலோ, எல்லை எதுவானாலும் 85 மைலைத் தாண்டினாலோ அது "ரெக்லெஸ் டிரைவிங்". மற்ற மீறல்களைப் போல அபராதம் கட்டிவிட்டு மறந்துவிட முடியாது; அது குற்றவியல் வழக்கு. ஓராண்டு வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எல்லை 70 உள்ள சாலையில் 86-ல் போனாலே அந்த வலைக்குள் விழுவீர்கள். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குக் கைரேகை, விண்ணப்பம் என்று எல்லா இடத்திலும் பின்தொடரக்கூடிய விஷயம் இது. யூ.எஸ். 11-ல் ஊருக்குள் எல்லை சட்டென்று 25-க்கு இறங்கும். அங்கே 45-ல் போனாலும் இதே சட்டம்தான். போலீஸ் ரேடாரைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவியைக் காரில் வைத்திருப்பதும் இந்த மாநிலத்தில் சட்டவிரோதம். 70 எல்லையில் க்ரூஸ் கண்ட்ரோலை 72-ல் வைத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள்.

அடுத்தது லாரிகள். ஏற்றத்தில் ஒரு லாரி திணறும், அதை இன்னொரு லாரி முந்த இடது லேனுக்கு வரும், பின்னால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். ஹெட்லைட் அடித்துப் பயனில்லை. நாலைந்து விநாடி இடைவெளி விட்டு நில்லுங்கள், மேடு முடிந்ததும் வழி கிடைக்கும். லாரிக்குப் பக்கவாட்டில் இணையாக ஓடிக்கொண்டே இருக்காதீர்கள். அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் கார் அவருக்குத் தெரியவில்லை. முந்தினால் சட்டென்று முந்தி, முழு லாரியும் உங்கள் உள்கண்ணாடியில் தெரிந்தபின் வலது லேனுக்குத் திரும்புங்கள். சாலையோரம் விளக்கு எரிய நிற்கும் வண்டியைக் கண்டால் ஒரு லேன் தள்ளிப் போங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

விதவில் ஊர்ப்பக்கம் ஒரு குழப்பம் காத்திருக்கும். அங்கே எட்டு மைல் தூரம் ஐ-81-ம் ஐ-77-ம் ஒரே சாலையில் ஓடுகின்றன. பலகையில் ஐ-81 தெற்கு என்றும் ஐ-77 வடக்கு என்றும் ஒன்றாகப் போட்டிருக்கும். இரண்டும் சரிதான், வழி தவறவில்லை. ஐ-81 தெற்கு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

ரெஸ்ட் ஏரியாவில் கழிவறை, மேசை, தானியங்கிப் பெட்டியில் தின்பண்டம் இருக்கும்; பெட்ரோலும் ஓட்டலும் இருக்காது, அதற்கு எக்ஸிட் எடுக்க வேண்டும். எக்ஸிட்டுக்கு முன்னால் வரும் நீலப் பலகையில் எந்தக் கடை என்று போட்டிருக்கும். பழுப்புப் பலகை என்றால் பூங்கா, வரலாற்று இடம். ஐ-81 அடைத்துக்கொண்டால் எல்லோரும் யூ.எஸ். 11-க்குத்தான் இறங்குவார்கள், அதுவும் அடைத்துக்கொள்ளும். கிளம்புமுன் சாலை நிலவரம் சொல்லும் 511 வர்ஜீனியா செயலியைப் பாருங்கள்.

நல்ல மத்தியானத்தில் யூ.எஸ். 11-ல் ஒரு துண்டு ஓட்ட விரும்பினால் லெக்சிங்டனிலிருந்து நேச்சுரல் பிரிட்ஜ் வரை போய்ப் பாருங்கள். ஓடை அரித்து உண்டாக்கிய 215 அடி உயரப் பாறை வளைவு அது. தாமஸ் ஜெஃபர்சன் 1774-ல் அதை விலைக்கே வாங்கினார். இன்று அது மாநிலப் பூங்கா. யூ.எஸ். 11 அந்தப் பாறையின் முதுகின் மேலேயே போகிறது. வண்டியில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நிறுத்தி, படியிறங்கி, கீழேயிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

மேலே ஓட்டும்போது

ஏறுமுன் டாங்கை நிரப்புங்கள். பார்க்வேயில் 469 மைலுக்கும் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. ஸ்கைலைன் டிரைவில் பிக் மெடோஸில் ஒன்று உண்டு, அதை நம்பிப் போக வேண்டாம்.

பார்க்வேக்குக் கட்டணம் இல்லை. ஸ்கைலைன் டிரைவ் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். அக்டோபர் சனிக்கிழமைகளில் தார்ன்டன் கேப் நுழைவாயிலில் நீண்ட வரிசை நிற்கும், காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் 2023 முதல் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் பார்க்கிங் அட்டை வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். கியரைக் கீழே இறக்கி எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள், பிரேக் சூடேறாது. பின்னால் அவசரக்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்த ஓவர்லுக்கில் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். கரடி தெரிந்தால் நடுச்சாலையில் நிறுத்தக் கூடாது, காரை விட்டு இறங்கவும் கூடாது.

மூடுபனியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே வெறும் மேகமூட்டமாக இருக்கும் நாளில் மேலே நீங்கள் அந்த மேகத்துக்குள்ளேயே இருப்பீர்கள். ராக்ஃபிஷ் கேப் பக்கம் ஐ-64-ல், லேன் தெரியட்டும் என்று சாலையிலேயே விளக்குகளைப் பதித்திருக்கிறார்கள் என்றால் அங்கே பனி எப்படி இறங்கும் என்று புரியும். அப்படிப்பட்ட நாளில் மேலே ஏறினால் ஒன்றும் தெரியாது. லூரே குகைக்குப் போங்கள், அதற்கு வானிலை தடையில்லை.

குளிர்காலத்தில் பனி விழுந்தால் மேலே சாலையை மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் சூறாவளி வட கரோலினாவில் பார்க்வேயைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. ஆஷ்விலுக்கும் டென்னசிக்கும் நடுவே ஐ-40-ன் ஒரு பகுதியும் ஆற்றில் சரிந்தது. அதனால் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் எந்த மைலிலிருந்து எந்த மைல்வரை திறந்திருக்கிறது என்ற பட்டியலைக் கிளம்பும் அன்று காலையிலும் பாருங்கள். போன மாதம் போய்வந்த நண்பர் சொன்னது இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஒரு திட்டம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. நாலு நாளாவது கையில் இருக்கட்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஐ-66-ல் கெய்ன்ஸ்வில் வரை வந்து, யூ.எஸ். 29-ல் வாரன்டன், அங்கிருந்து யூ.எஸ். 211-ல் தார்ன்டன் கேப். உள்ளே நுழைந்து தெற்கே திரும்பியதுமே மலையைக் குடைந்த மேரிஸ் ராக் சுரங்கம் வரும், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சந்தோஷம். அங்கிருந்து ஸ்விஃப்ட் ரன் கேப் வரை 34 மைல்தான், ஆனால் மொத்த ஸ்கைலைன் டிரைவிலும் உயரமான பகுதி அது. பிக் மெடோஸ் புல்வெளியில் புளியோதரையைப் பிரித்து உட்காருங்கள். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம்.

யூ.எஸ். 33-ல் இறங்கினால் ஹாரிசன்பர்க். பல்கலைக்கழக ஊர் என்பதால் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். அங்கிருந்து ஐ-81-ல் ரோனோக் ஒன்றே முக்கால் மணி நேரம், ராத்தங்கல் அங்கேயே. இருட்டியதும் மில் மவுன்டன் மேல் 1949-லிருந்து எரியும் பெரிய நட்சத்திர விளக்கின் அடியிலிருந்து ஊரைப் பார்க்கலாம். மறுநாள் முழுக்க ஐ-81, ஐ-40 வழியாக மத்தியானத்துக்குள் கேட்லின்பர்க். பார்க்வேயை அங்கே போய்ச் சேர்ந்தபின் பாருங்கள்: நியூஃபவுண்ட் கேப் தாண்டி செரோக்கியில் இறங்கினால் அதன் தெற்கு முனை, 469-ஆவது மைல். அங்கிருந்து 443-ல் உள்ள பால்சம் கேப் வரை போய்விட்டு யூ.எஸ். 74-ல் திரும்பி வர ஒரு காலைப் பொழுது போதும்.

திரும்பும் நாளில் முகட்டுச் சாலையைச் சேர்க்க வேண்டாம். உடம்பு களைத்திருக்கும், மனசு திங்கட்கிழமை வேலைக்குப் போயிருக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் கேட்லின்பர்க்கை விட்டு, ஐ-81-லேயே நேராக வாருங்கள். ஸ்டான்டன் வரும்போது டாங்கை நிரப்பி, ஓட்டுபவரை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் ஐ-66-ல் வீடு திரும்பும் கூட்டத்தோடு ஊர்ந்து போக வேண்டிவரும், அந்தக் கடைசித் துண்டுக்குத் தூங்கி எழுந்தவர் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.